கொங்கண்ல ஸ்பாட் தேடாதீங்க மக்களே!

மும்பை, புனே பக்கம் இருக்கற தமிழ்க் குடும்பங்களோட லீவுக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. மே மாசம் பதினஞ்சு நாள் ஊர். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தட்கல்ல டிக்கெட் கிடைச்சா இன்னொரு நாலு நாள், அதுவும் ஊர். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா ஷீரடி, சனி சிங்கணாப்பூர், கேட்வே ஆஃப் இந்தியா. ஆபீஸ் கும்பலோட ஒரு தடவை கோவா. ரெண்டு தடவை லோனாவ்ளா, சிக்கி வாங்கறதுக்கு. இப்படியே இருபது வருஷம் ஓடிப் போயிடும்.

நான் நவி மும்பைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. பூர்வீகம் தென்காசிப் பக்கம். எங்க காலனித் தமிழ்க்காரங்ககிட்ட நான் அடிக்கடி கேட்கற கேள்வி ஒண்ணு உண்டு. "கொங்கண் போயிருக்கீங்களா?" முக்காவாசிப் பேரோட பதில்: "ஓ, கோவா போயிருக்கோமே!" ராத்திரி ரயில் ஏறிப் படுத்து, காலைல மட்காவ்ல கண் முழிச்சா, நடுவுல மூணு ஜில்லா தூக்கத்துலேயே போயிடுச்சுன்னு அர்த்தம். ராய்காட், ரத்னாகிரி, சிந்துதுர்க். அந்த மூணு ஜில்லாவைப் பத்தித்தான் இப்போ பேச்சு.

என்னோட கட்சியை முதல்லேயே சொல்லிடறேன். கொங்கணுக்குக் கண்டிப்பா போங்க. ஆனா ஸ்பாட் பார்க்கப் போற மாதிரி போகாதீங்க. ஊர் பார்க்கப் போற மாதிரி போங்க. இதை எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பிள்ளைங்களுக்காகத்தான்.

பிள்ளைங்களுக்கு ஊர் எது?

என் பொண்ணு பிறந்து வளர்ந்ததெல்லாம் நவி மும்பையில. ஸ்கூல் ஃபாரத்துல 'நேட்டிவ் ப்ளேஸ்'னு இருந்தா தென்காசின்னு எழுதுவா. அவளுக்குத் தெரிஞ்ச தென்காசி மே மாசத்துத் தென்காசி. அதாவது குத்தாலத்துல தண்ணி இல்லாத தென்காசி :-) சீசன் ஆரம்பிக்கறது ஜூன்ல. அதுக்குள்ள நமக்கு இங்கே பள்ளிக்கூடம் திறந்துடும். நான் சாரல், சாரல்னு மாஞ்சு மாஞ்சு சொல்லிக்கிட்டே இருப்பேன். "மெயின் ஃபால்ஸ்ல நான் பாறையைத்தாம்ப்பா பார்த்திருக்கேன்"னு ஒரு நாள் சொல்லிட்டா. பொய் இல்லையே!

ஆனா யோசிச்சுப் பாருங்க. குத்தாலத்துல சாரலா விழற அதே தென்மேற்குப் பருவமழைதான், கேரளத்துல ஜூன் 1 வாக்குல இறங்கி, ஜூன் 11 வாக்குல மும்பைக்கு வந்து சேருது. தபதி ஆத்தங்கரையில ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் சுமார் 1600 கிலோமீட்டர் நீளற ஒரே மலைத்தொடர். இவங்க சஹ்யாத்ரின்னு சொல்றாங்க, நாம மேற்குத் தொடர்ச்சி மலைன்னு சொல்றோம். ரோடும் அப்படித்தான். பன்வேல்ல கிளம்பற தேசிய நெடுஞ்சாலை 66 போய் முடியற இடம் கன்னியாகுமரி. நான் அந்தக் கோடியில வளர்ந்தேன், பிள்ளைங்க இந்தக் கோடியில வளருதுங்க. மலை ஒண்ணுதான்.

நமக்கு இது பிழைக்க வந்த இடமா இருக்கலாம். அதுங்களுக்கு இதுதான் பிறந்த மண். அந்த மண்ணோட மலையையும் கடலையும் காட்டாம, வருஷத்துல பதினஞ்சு நாள் பார்க்கற இடத்தை மட்டும் 'உன் ஊர்'னு சொல்லிக்கிட்டே இருந்தா, கடைசியில ரெண்டு ஊருமே அதுங்களுக்குச் சொந்தம் இல்லாமப் போயிடும். எனக்கு இருக்கற பயம் இது ஒண்ணுதான்.

மேற்கே கடல், கிழக்கே மலை

எங்க ஊர்ல மலை மேற்கே. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி விழும். மெட்ராஸ்காரங்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரங்களுக்கும் கடல் கிழக்கே, சூரியன் கடல்லேர்ந்து எழும்பும். கொங்கண்ல எல்லாம் தலைகீழ். சூரியன் காலைல சஹ்யாத்ரி மேல ஏறி வந்து, சாயங்காலம் அரபிக் கடல்ல இறங்கும். படம் எடுக்கறவங்க இதை மனசுல வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சது. எல்லாரும் சூரியாஸ்தமனத்துக்குத்தான் பீச்சுக்கு ஓடுவாங்க. படகு, கோட்டை, தென்னந்தோப்பு, மீன் காயற பந்தல் இதெல்லாம் படத்துல தெளிவா விழணும்னா காலைல ஏழரை, எட்டு மணிக்குப் போங்க. வெளிச்சம் உங்க முதுகுப் பக்கத்துலேர்ந்து வரும். கூட்டமும் இருக்காது.

இந்த நாட்டோட அகலமும் ரொம்பக் கம்மி. மலை உச்சியிலேர்ந்து கடல் வரைக்கும் ஒரு ஐம்பது, எழுபது கிலோமீட்டர்தான். குறிஞ்சியில காலை டீயைக் குடிச்சுட்டு, முல்லை, மருதம் எல்லாம் தாண்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு நெய்தலுக்கு வந்துடலாம். தமிழ்ப் பாடத்துல நாம மனப்பாடம் பண்ணினதை ஒரே நாள்ல பிள்ளைங்களுக்குக் கண்ணால காட்டலாம்னா, இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

குறிஞ்சின்னதும் இன்னொண்ணு. நம்ம நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். மூணாறு பக்கம் 2006-ல பூத்தது, 2018-ல பூத்தது, அடுத்தது 2030. அதோட சொந்தக்காரச் செடி ஒண்ணு இங்கே இருக்கு. பேரு கார்வி. மும்பை போரிவ்லி நேஷனல் பார்க்குல எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குது. 2016-ல பூத்தது, 2024-ல பூத்தது, அடுத்தது 2032. லோக்கல் டிரெயின் ஏறிப் போய்ப் பார்க்கற தூரத்துல குறிஞ்சி! ஆதிவாசி வீடுகள்ல இந்தக் கார்விக் குச்சியைக் கட்டித்தான் சுவர் வச்சு, மேல மண் பூசுவாங்க. மூணாறுக்கு வேன் பிடிச்சுப் போன எத்தனை பேருக்கு போரிவ்லி விஷயம் தெரியும், சொல்லுங்க?

எங்கே போறது?

சரி, விஷயத்துக்கு வருவோம். 'டாப் டென்' லிஸ்ட் எல்லாம் கிடையாது. எனக்குப் பிடிச்ச நாலு இடம் மட்டும் சொல்றேன். எல்லாமே ரெண்டாம் தடவை, மூணாம் தடவை போனப்பத்தான் புரிஞ்ச இடங்கள்.

முதல்ல, கோட்டைகள். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர்களோட பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தாங்க. பதினொண்ணு மகாராஷ்டிராவுல. பன்னிரண்டாவது எது தெரியுமா? நம்ம செஞ்சி! 1674-ல சிவாஜிக்கு முடி சூட்டின ராய்காட் கோட்டை 1689-ல மொகலாயர் கைக்குப் போயிடுச்சு. அப்போ அவரோட மகன் ராஜாராம் தப்பிச்சு வந்து சேர்ந்த இடம் செஞ்சி. 1698 வரைக்கும் அங்கேயிருந்துதான் மராட்டிய அரசாங்கமே நடந்தது. நாம வேலைக்காக இங்கே வந்தோம்னு சொல்லிக்கறோம். அவங்க முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கம் டிரான்ஸ்ஃபர்ல வந்துட்டாங்க :-)

ராய்காட்டுக்கு ரோப்வே இருக்கு, பெரியவங்களையும் கூட்டிக்கிட்டுப் போகலாம். கடல் கோட்டைன்னா மால்வண்ல இருக்கற சிந்துதுர்க். 1664-ல கட்ட ஆரம்பிச்சது. சுத்திலும் உப்புத் தண்ணி, கோட்டைக்குள்ள மூணு நல்ல தண்ணிக் கிணறு. பால் கிணறு, தயிர் கிணறு, சர்க்கரைக் கிணறுன்னு பேரே வச்சிருக்காங்க. ஜஞ்சிரா, முருட் பக்கத்துல. சித்திகளோட கோட்டை, மராட்டியரால கடைசி வரைக்கும் பிடிக்க முடியலை. ஒரு விஷயம், மழைக்காலத்துல இந்தக் கோட்டைகளுக்குப் படகு ஓடாது. ஜூலையில போய் நின்னுட்டு ஏமாறாதீங்க. கோட்டையைப் படம் எடுக்கறதுன்னா உள்ளே போய் எடுக்கறதைவிட, போற படகுலேர்ந்து எடுங்க. தண்ணியிலேர்ந்து நேரா சுவர் எழும்பறது அங்கேதான் தெரியும்.

ரெண்டாவது, ஜங்கார். கொங்கண் கரையில கோடி ஆறுகள் வந்து கழிமுகமா விரிஞ்சு கிடக்கு. ரோடு அங்கங்கே முடிஞ்சு போயிடும். காரையும் பைக்கையும் ஆட்டையும் ஏத்திக்கிட்டுத் தட்டைப் படகு அக்கரை சேர்க்கும். ஆகர்தாண்டா–திகி, பாக்மண்ட்லா–வேஸ்வி, தாபோல்–தோபாவே, ஜய்கட்–தவ்சாள். இந்த நாலு துறையையும் தாண்டி முருட்லேர்ந்து கணபதிபுளே வரைக்கும் கடலோரமாவே வந்துடலாம். நெடுஞ்சாலையில போறதைவிட நேரம் கூடத்தான் ஆகும். ஆகட்டுமே. எங்க வீட்டு ஆல்பத்துல இருக்கற நல்ல படம் பாதி இந்தப் படகுகள்ல எடுத்ததுதான். காத்து வாங்கிக்கிட்டு நிக்கறப்ப யாரும் கேமராவுக்குப் போஸ் கொடுக்கறது இல்லை, அதனாலேயோ என்னமோ!

மூணாவது, வேளாஸ். பாங்கோட் பக்கத்துல சின்ன கிராமம். மெட்ராஸ் பெசன்ட் நகர் பீச்சுல ராத்திரி ஆமை நடை போவாங்களே, அதே ஆலிவ் ரிட்லி ஆமைங்க இங்கேயும் முட்டை போட வருது. 2002-லேர்ந்து ஊர்க்காரங்களும் சிப்ளூண் பக்கத்து இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து முட்டையைப் பாதுகாத்துப் பொரிக்க வச்சு, குஞ்சுகளைக் கடல்ல விடறாங்க. பிப்ரவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும், காலைலயும் சாயங்காலமும். ஹோட்டல் எல்லாம் தேடாதீங்க, வீடுகள்லதான் தங்கணும். அந்த வீட்டு மாவ்ஷி (நம்ம சித்தி முறைன்னு வச்சுக்கோங்க) போடற சாப்பாட்டுல தங்கமணி கண்டுபிடிச்ச நம்ம ஊர் அயிட்டங்கள் மட்டும் மூணு. மோதகம்னா அதே பூரணக் கொழுக்கட்டை. காவன்னா ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவுல ஒண்ணு. குளித் பிட்டின்னா கொள்ளு மாவுக் குழம்பு. அப்புறம் தேங்காய்ப்பால்ல கோகம் போட்ட சோல்கடி. புளிக்குப் பதில் கோகம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆமைக்குஞ்சு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. ஃப்ளாஷ் கிடையாது, கயிறு தாண்டக் கூடாது, கையில எடுக்கக் கூடாது. ஒரு நாள் ஒரு குஞ்சு கூட வெளியே வராது. அதுக்காக ஊர்க்காரங்ககிட்டச் சண்டை போடறவங்களை நானே பார்த்திருக்கேன். அது என்ன, ஏழு மணி ஷோவா?

நாலாவது, ரத்னாகிரி. மாம்பழம் எல்லாருக்கும் தெரியும், ஹாபுஸுக்கு 2018-ல புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. அதே ஊர்ல பர்மாவோட கடைசி ராஜா தீபா வாழ்ந்த மாளிகை இருக்கு. 1885-ல ஆங்கிலேயர் அவரை மண்டலேயிலேர்ந்து பிடிச்சுக்கிட்டு வந்து முதல்ல வச்சது எங்கே தெரியுமா? மெட்ராஸ்ல! 1886-ல ரத்னாகிரிக்கு அனுப்பினாங்க. 1910-ல மாளிகை கட்டிக் கொடுத்தாங்க, 1916-ல இங்கேயே செத்துப் போனார். திரும்ப ஊருக்குப் போகவே முடியாத மனுஷன் கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த இடம். நம்மளை மாதிரி ஆளுங்க கொஞ்ச நேரம் நிக்க வேண்டிய இடம்தான்.

அங்கேயிருந்து ராஜாப்பூர் போற பக்கமெல்லாம் 'சடா'ன்னு சொல்ற செம்புராங்கல் மேடு. வெயில் காலத்துல மொட்டைத் தரை. ஆனா குனிஞ்சு பாருங்க. தரையிலேயே யானை, காண்டாமிருகம், மீன், மனுஷ உருவம்னு செதுக்கி வச்சிருக்காங்க. 'காதள் ஷில்ப்'னு பேரு. பத்தாயிரம் வருஷத்துக்கு முந்தினதா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் கணிக்கறாங்க. காஷேளியில இருக்கற யானை மட்டும் சுமார் 18 மீட்டர் நீளம். அதோட உடம்புக்குள்ளேயே மீன் முதல்கொண்டு பல உருவங்கள். 2022-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. உச்சி வெயில்ல படம் எடுத்தா ஒண்ணுமே விழாது, வெறும் கல்தான் தெரியும். காலைலயோ சாயங்காலமோ வெயில் சாஞ்சு விழறப்ப எடுத்தாத்தான் கோட்டுக்குள்ள நிழல் விழுந்து உருவம் எழும்பும். சுத்திக் கட்டியிருக்கற கல்லைத் தாண்டி உள்ளே மிதிக்காதீங்க. பத்தாயிரம் வருஷம் தாங்கினதை நம்ம ஸ்போர்ட்ஸ் ஷூ தேய்ச்சுட வேண்டாம்.

பார்த்த இடத்துக்குத்தான் வாய் திறப்போம்

இந்தச் செதுக்கல்கள் இருக்கற ஊர்கள்ல ஒண்ணு பார்சு. 2023 ஏப்ரல்ல பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைக்காக மண் பரிசோதனைக்கு வந்தப்ப ஊர் ஜனங்க, பெண்கள் உட்பட, வெயில்ல படுத்து மறிச்சாங்க. ஆலை வேணுமா வேண்டாமாங்கறது பெரிய விவாதம். கொங்கண்ல வேலை இல்லாமத்தான் வீட்டுக்கு ஒரு பையன் மும்பைக்கு வர்றான். நம்ம கதைதான். அதனால ஆலை கேட்கறவங்களைத் திட்ட எனக்கு மனசு வராது. நான் சொல்ல வர்றது வேற. அன்னிக்கு டிவி பார்த்த மும்பைக்காரங்கள்ல பார்சுவைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? பார்க்காத இடம் 'எங்கேயோ ஒரு தரிசு'தான். பார்த்த இடம்னா, "அங்கே யானை செதுக்கி இருக்கே, அதை என்ன பண்ணப் போறீங்க?"ன்னு ஒரு கேள்வியாவது வரும்.

ஸ்பாட் மனப்பான்மையோட கோளாறு இங்கேதான். லிஸ்ட்ல இருக்கற பத்து இடம் நசுங்கிச் சாகும். லிஸ்ட்ல இல்லாத ஆயிரம் இடம் யாருக்கும் தெரியாமலே போகும்.

அம்போலின்னு ஒரு ஊர், சாவந்த்வாடிக்கு மேல மலையில. மழைக்காலத்துல சனி, ஞாயிறு ரோட்டோர அருவிக்கு முன்னால கார் வரிசை கட்டி நிக்கும், கூடவே பாட்டுக் கச்சேரி. அங்கேயிருந்து கொஞ்ச தூரத்துல ஹிரண்யகேசி கோயில் ஊற்று. அந்தத் தண்ணியில இருந்த ஒரு சின்ன மீன் புது இனம்னு 2020-ல கண்டுபிடிச்சு, அந்த ஊற்றோட பேரையே வச்சாங்க. 2021-ல அந்த இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசாங்கம் அறிவிச்சது. அருவிக்கு முன்னால நின்னு படம் எடுத்த கூட்டத்துல நூத்துல ஒருத்தர் கூட அந்தக் கோயில் பக்கம் திரும்பலை.

தண்ணி விஷயம், விளையாட்டு இல்லை

இதைக் கொஞ்சம் கடுமையாவே சொல்லப் போறேன். 2024 ஜூன் 30, லோனாவ்ளா பூஷி அணைக்குப் பக்கத்து அருவி. ஒரே குடும்பத்துல அஞ்சு பேரைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு. அடுத்த மாசமே மாண்காவ் பக்கம் கும்பே அருவியில ரீல்ஸ் எடுக்கப் போன ஒரு இளம்பெண் பள்ளத்துல விழுந்து செத்தாங்க. 2025 ஜூன் 15, தளேகாவ் பக்கம் குண்ட்மளாவுல இந்திராயணி ஆத்துப் பழைய இரும்புப் பாலம், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோட கனம் தாங்காம விழுந்து நாலு பேர் போயிட்டாங்க. இது எதுவும் எங்கேயோ தூரத்துல நடக்கலை. நாம எல்லாரும் வீக்எண்டுக்குப் போற இடங்கள்.

குத்தாலக்காரனுக்குச் சின்ன வயசுலேயே பெரியவங்க சொல்லிக் கொடுக்கற பாடம் இருக்கு. தண்ணி நிறம் மாறினா ஏறிடு. சருகும் குச்சியும் மிதந்து வந்தா ஏறிடு. மேல மலை இருட்டிக்கிட்டு இருந்தா, இங்கே வெயில் அடிச்சாலும் இறங்காதே. அந்த ஊர்லேயே 2024 மே 17-ல பழைய குத்தாலத்துல திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். ஆள் நிறுத்தி, விசில் ஊதி, தடை போடற அருவியிலேயே இப்படின்னா, கூகுள் மேப்பைப் பார்த்துக்கிட்டுப் போய்ச் சேர்ற காட்டு அருவியில யார் விசில் ஊதுவா?

மழைக்காலத்துல ஜில்லா நிர்வாகம் அருவிக்குத் தடை போட்டா, "எல்லாத்துக்கும் தடை போடறாங்கப்பா"ன்னு சலிச்சுக்கிட்டு வேற வழியா உள்ளே போறவங்களைப் பார்த்திருக்கேன். தயவு செய்து வேண்டாம். ஊர்க்காரன்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க, "காகா, பாணி கஸ ஆஹே?"ன்னு. தண்ணி எப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியும். சொந்த ஊர்னா அப்படித்தானே செய்வோம்? ஸ்பாட்டுன்னு நினைக்கறவங்கதான் யாரையும் கேட்காம இறங்கறாங்க.

மலையும் அப்படித்தான். 2021 ஜூலை 22, மஹாட் பக்கம் தளியே கிராமத்து மேல மலை சரிஞ்சு எண்பது பேருக்கு மேல போனாங்க. 2023 ஜூலை 19 ராத்திரி, காலாப்பூர் பக்கம் இர்ஷால்வாடி. 27 உடல்கள் கிடைச்சுது. மண்ணுக்குள்ள இருந்த 57 பேரைத் தேடறதையே கடைசியில நிறுத்திட்டாங்க. இர்ஷால்கட் நம்ம பன்வேல்லேர்ந்து கண்ணுக்குத் தெரியற மலை. ட்ரெக்கிங் போறவங்க காலைல டீ குடிச்ச வாடிதான் அது. பச்சைப் பசேல்னு நாம படம் எடுக்கற சரிவுக்குக் கீழே ஜனங்க குடியிருக்காங்க, அந்த மழை அவங்களுக்கு வேற மாதிரி கேட்கும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்காம, "சூப்பர் வியூ"ன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தா அது பாதிப் படிப்புத்தான்.

"அது சரி, ஆனா..."

நான் இதைப் பேச ஆரம்பிச்சா ரெண்டு மறுப்பு வரும். "இருக்கறதே இருபது நாள் லீவு. ஊர்ல அப்பா அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. அதை விட்டுட்டு இங்கே சுத்தச் சொல்றீங்களா?" இல்லவே இல்லைங்க. ஊருக்குப் போறதுல ஒரு நாள் கூடக் குறைக்க வேண்டாம். நான் கேட்கறது வருஷத்துக்கு மூணு சனி, ஞாயிறு. மாலுக்கும் மல்டிபிளெக்ஸுக்கும் போற ஐம்பதுல மூணு. அப்பா அம்மா இங்கே வர்றப்ப அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ஷீரடி எங்கேயும் ஓடிடாது. எங்க மதினி ஒரு தடவை வந்தப்ப கணபதிபுளே கூட்டிப் போனோம். கோயிலைப் பார்த்தாங்க, கடலைப் பார்த்தாங்க. அதைவிட ரொம்ப நேரம் பார்த்தது பலா மரத்தை. "ஏ, இது நம்ம செங்கோட்டை மாதிரில்லா இருக்கு!"

இன்னொரு மறுப்பு, "இப்படி எல்லாரும் போனா அங்கேயும் கூட்டம் சேர்ந்து நாறிடாதா?" நியாயமான கேள்வி. சாத்தாரா பக்கம் காஸ் பீடபூமியில பூ சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு வச்சு, முன்பதிவு பண்ணித்தான் விடறாங்க. நிறைய பேர் அதைக் குறை சொல்றாங்க, நான் வரவேற்கறேன். டிக்கெட் வச்ச இடத்துல டிக்கெட் எடுங்க, வைக்காத இடத்துல நமக்கு நாமே அளவு வச்சுக்கணும். பத்து இடத்துக்குப் பத்து பேர் ஒரு தடவை ஓடறதைவிட, ஒரு குடும்பம் ஒரே ஊருக்கு அஞ்சு தடவை போறது அந்த ஊருக்கும் நல்லது. ஒரே வீட்டுல தங்குங்க. அவங்க போடறதைச் சாப்பிடுங்க. கோகம், முந்திரி, மாம்பழம் அவங்ககிட்டேயே வாங்குங்க. கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டாம் தடவை போறப்ப அந்த மாவ்ஷி உங்க பொண்ணோட பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதுக்கப்புறம் அது ஸ்பாட் இல்லை.

படத்துக்கு எங்க வீட்டு விதி

கேமரா பத்தி ஒரே ஒரு விதி எங்க வீட்டுல வச்சிருக்கோம். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதத் தெரிஞ்சா மட்டும் எடு. "வாவ்"னு எழுதக் கூடாது. அது என்ன மரம், என்ன படகு, என்ன ஆறு, யார் வீட்டுத் திண்ணை? தெரியலைன்னா பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்டுக்கிட்டு வந்து எடு. இந்த விதியால எங்க பொண்ணு எடுக்கற படம் எண்ணிக்கையில ரொம்பக் குறைஞ்சுது. ஆனா 'ஹோடி'ன்னா படகு, 'காடி'ன்னா கழிமுகம், 'ஆகர்'னா தென்னையும் பாக்கும் போட்ட தோட்டம்னு அவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாததை அவ எங்களுக்குச் சொல்றா. ஜங்கார்ல டிக்கெட் கிழிக்கறவர்கிட்ட அவ மராத்தியில பேசறப்ப, நாங்க ரெண்டு பேரும் வெளியூர்க்காரங்க, அவ உள்ளூர்க்காரி. அதுல எனக்கு வருத்தம் இல்லை. தென்காசியை நான் அவளுக்குக் காட்டறேன், கொங்கணை அவ எனக்குக் காட்டட்டும்.

கிளம்பறவங்களுக்கு: ஜூலை, ஆகஸ்ட்ல மலைக்காட்சி பார்க்க ரயில்ல போங்க, கார் வேண்டாம். கொங்கண் ரயில்வேக்கு மழைக்காலத்துக்குன்னே தனி டைம்டேபிள் உண்டு, வண்டி மெதுவாப் போகும், நமக்கு அதுதானே வேணும்! (1964-ல புயல்ல போன பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரி பண்ணின ஸ்ரீதரன் தலைமையில போட்ட பாதை. 1998-ல முழுசாத் திறந்தது.) நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் கோட்டையும் ரத்னாகிரியும். மார்ச்ல வேளாஸ், வீட்டுக்காரங்களுக்கு முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போங்க. மீன் சாப்பிடறவங்களுக்கு ஒரு தகவல்: இந்தக் கரையில மீன்பிடித் தடை ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31 வரைக்கும். நம்ம கிழக்குக் கரை மாதிரி ஏப்ரல்ல இல்லை. அந்த ரெண்டு மாசம் போனா கொள்ளுக் குழம்புதான், சொல்லிட்டேன்!